யூரெயில் பாஸில் ஐரோப்பியப் பயணம்: இருக்கைக்கும் விசாவுக்கும் தனி ஏற்பாடு அவசியம்

ஐரோப்பாவின் 33 நாடுகளில் ஒரே பாஸைக் கொண்டு ரயிலில் பயணிக்க வழிசெய்கிறது யூரெயில். ஆனால், அந்த பாஸ் எல்லா ரயில்களிலும் இருக்கையை உறுதிசெய்வதில்லை; எல்லா எல்லைகளையும் கடக்கும் உரிமையையும் அளிப்பதில்லை. இந்தியாவிலிருந்து செல்வோர் பணம் கட்டுவதற்கு முன்பே கவனிக்க வேண்டியவை இவ்விரண்டும்தான்.

1959-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட யூரெயில், ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்போருக்கானது. அங்கு வசிப்போருக்கு 1972 முதல் இன்டர்ரெயில் என்ற தனி பாஸ் உள்ளது. குடியுரிமை அல்ல, வசிப்பிடமே இதற்கு அளவுகோல். ஜெர்மனியில் வசித்துப் படிக்கும் இந்திய மாணவர் வாங்க வேண்டியது இன்டர்ரெயில். அவரைக் காணச் செல்லும் பெற்றோர் வாங்க வேண்டியது யூரெயில்.

பல நாடுகளுக்கான குளோபல் பாஸில், குறிப்பிட்ட காலத்துக்குள் விரும்பிய நாள்களில் மட்டும் பயணிக்கும் முறையும், தொடர்ச்சியாகப் பயணிக்கும் முறையும் உள்ளன. முதல் வகையில் ஒரு மாதத்துக்குள் 4, 5 அல்லது 7 நாள்கள், இரண்டு மாதங்களுக்குள் 10 அல்லது 15 நாள்கள் எனத் தேர்ந்தெடுக்கலாம். 27 வயது வரையிலான இளையோருக்கும் 60 வயதைக் கடந்தோருக்கும் கட்டணச் சலுகை உண்டு.

இந்திய ரயில்வேயில் முன்பதிவு செய்தால் பயணச்சீட்டும் இருக்கையும் ஒன்றாகவே கிடைத்துவிடும். ஐரோப்பாவில் இவை பல நேரங்களில் வெவ்வேறு. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து ஆகிய நாடுகளின் பெரும்பாலான உள்நாட்டு ரயில்களில் பாஸுடன் நேரே ஏறலாம். பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் ஃபிரெச்சாரோசா, ஸ்பெயினின் ஏவிஇ, லண்டன் செல்லும் யூரோஸ்டார், இரவு ரயில்கள் ஆகியவற்றில் கூடுதல் கட்டணத்துடன் முன்பதிவு கட்டாயம். யூரோஸ்டார் போன்றவற்றில் பாஸ் வைத்திருப்போருக்கான இடங்கள் வரையறுக்கப்பட்டவை. ரயிலில் இருக்கைகள் காலியாக இருந்தாலும், அந்த ஒதுக்கீடு தீர்ந்தால் முழுக் கட்டணத்தில்தான் பயணச்சீட்டு வாங்க நேரும்.

பாரிஸிலிருந்து சூரிச், இன்ஸ்புருக் வழியாக இத்தாலிக்குச் செல்லும் பயணத்தை எடுத்துக்கொள்வோம். பாரிஸ்–சூரிச் இடையே ஏறத்தாழ 4 மணி நேரத்தில் செல்லும் டிஜிவி லிரியாவில் முன்பதிவு இன்றி ஏற இயலாது. சூரிச்–இன்ஸ்புருக் ரயில்ஜெட்டில் அது கட்டாயமில்லை. கோடைகால வார இறுதிகளில் செய்துகொள்வது நல்லது. இன்ஸ்புருக்கிலிருந்து பிரென்னர் எல்லை நிலையம் வரை உள்ளூர் ரயிலில் சென்று, அங்கு இத்தாலியின் வட்டார ரயிலுக்கு மாறினால் முன்பதிவே தேவையில்லை. டிஜிவியில் இடம் கிடைக்காதவர்கள் வட்டார ரயில்களில் ஸ்ட்ராஸ்பர்க், பாசல் வழியாகச் சூரிச்சை அடையலாம். பயண நேரம் ஏறத்தாழ இரு மடங்காகும். இத்தகைய மாற்று வழியை முன்கூட்டியே குறித்து வைத்திருப்போருக்கே பாஸின் முழுப் பயனும் கிட்டும். நாள் குறித்து இரண்டு, மூன்று ரயில்களில் மட்டும் செல்வோருக்குத் தனித்தனிச் சீட்டுகளே பெரும்பாலும் மலிவு.

விசா விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஷெங்கன் விசா 29 நாடுகளுக்குச் செல்லும். யூரெயில் செல்லும் பிரிட்டன், அயர்லாந்து, செர்பியா, துருக்கி உள்ளிட்டவை அந்த வளையத்துக்கு வெளியே உள்ளன. ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசாவுடன் பாரிஸிலிருந்து லண்டன் செல்பவர், பிரிட்டன் விசா வைத்திருந்தாலும், அதே விசாவில் பாரிஸ் திரும்ப முடியாது. எனவே, அத்தகைய பயணத்திட்டம் கொண்டோர் பன்முறை நுழைவு விசா கோரியே விண்ணப்பிக்க வேண்டும். அதிக நாள்கள் தங்கும் நாட்டின் தூதரகத்திடமே விண்ணப்பம் செல்ல வேண்டும். தங்கும் நாள்கள் சமமானால் முதலில் நுழையும் நாட்டிடம். பயணத்துக்கு 6 மாதங்கள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்.

பாஸ் கைப்பேசியில் 'ரயில் பிளானர்' செயலி வழியாக இயங்குகிறது. ஒவ்வொரு ரயிலையும் ஏறுவதற்கு முன்பே செயலியில் பதிவுசெய்ய வேண்டும். தவறினால் பரிசோதகர் அபராதம் விதிக்கக்கூடும். பயண நாள் என்பது நள்ளிரவு முதல் அடுத்த நள்ளிரவு வரை. நள்ளிரவுக்கு முன் புறப்படும் இரவு ரயிலில் மாறாமல் சென்றால், புறப்படும் நாள் மட்டுமே கணக்கில் சேரும்.

ஷெங்கன் நாடுகளுக்கிடையே வழக்கமாகக் கடவுச்சீட்டுச் சோதனை இல்லை என்றாலும், ஜெர்மனி 2024 செப்டம்பரில் தன் நில எல்லைகள் அனைத்திலும் சோதனையை விரிவுபடுத்தியது. எனவே கடவுச்சீட்டைப் பெரிய பெட்டியின் அடியில் வைக்காமல் கையருகே வைத்திருக்க வேண்டும்; பரிசோதகரும் பாஸுடன் அதைக் கேட்கலாம்.