இரண்டாவது காவி

மதுரைக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒரு சின்ன வேலை செய்யுங்கள். வண்டியூர் தெப்பக்குளத்தை மனசுக்குள் அழித்துவிடுங்கள். மைய மண்டபம், தைப்பூசத் தெப்பம், சாயங்காலம் கரையில் உட்கார்ந்து சுண்டல் கொறிக்கிற கூட்டம்... எல்லாவற்றையும்தான். அப்படியே மேற்கே வந்து திருமலை நாயக்கர் மகாலையும் அழியுங்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கும் புது மண்டபம்? அதுவும் வேண்டாம்.

மிச்சம் இருப்பதுதான் 1606-ம் வருடத்து மதுரை. இதையெல்லாம் கட்டிய திருமலை நாயக்கர் பட்டத்துக்கு வர இன்னும் 17 வருடம் இருந்தது. ஆட்சி, முத்துக் கிருஷ்ணப்ப நாயக்கருடையது. அந்த நவம்பர் மாதம், 29 வயது இத்தாலி இளைஞர் ஒருவர் ஊருக்குள் நுழைந்தார். ராபர்ட் டி நொபிலி.

‘‘அட, காவி கட்டிய பாதிரியார்தானே? தெரிந்த கதையாச்சே’’ என்கிறீர்களா? வாஸ்தவம். பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே தத்துவ போதகர் என்று அவரைப் படித்திருப்பீர்கள். ஆனால், காவி கட்டிய முதல் ஆளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவதாகக் கட்டிய ஆளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கதையின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

முதலில், நொபிலி வேலை பார்த்த ‘கம்பெனி’யைப் பற்றி இரண்டு வார்த்தை. கிண்டல் இல்லை. நாம் இயேசு சபை என்கிறோமே, 1540-ல் போப்பின் அங்கீகாரம் பெற்ற அந்தச் சபைக்கு ஸ்பானிய மொழியில் ‘இயேசுவின் கம்பெனி’ என்றுதான் பெயர். பி.காம். படித்த என்னைப் போன்ற ஆசாமிகளுக்குக் கம்பெனி என்றால் பாலன்ஸ் ஷீட்தான் ஞாபகம் வரும். ஆனால், அந்தச் சொல்லின் பழைய பொருள் கூட்டாளிகள். இன்னும் தோண்டினால் லத்தீனில் ‘சேர்ந்து ரொட்டி தின்கிறவர்கள்’. இந்த ரொட்டி விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

நொபிலி பெரிய இடத்துப் பிள்ளை. குடும்பத்தில் போப், கார்டினல் எல்லாம் உண்டு. லிஸ்பனில் கப்பல் ஏறி 1605-ல் கோவாவில் இறங்கினார். கொச்சிக்கு வந்து, பிறகு முத்துக்குளித்துறை. அங்கே பரதவர்களிடையே சில மாதங்கள் தங்கித் தமிழ் படித்தார். அப்புறம்தான் மதுரை.

மதுரையில் அவருக்கு முன்பே ஒருவர் இருந்தார். கொன்சாலோ பெர்னாண்டஸ். போர்ச்சுகீசியர். முன்னாள் சிப்பாய். அறுபதைத் தாண்டியவர். 1595-லிருந்து மதுரையில்தான் வாசம். சின்னதாக ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம், ஒரு மருத்துவமனை. கடற்கரையிலிருந்து வந்து போகும் பரதவக் கிறிஸ்தவர்களுக்கு அவர்தான் எல்லாம். ஊர்க்காரர்கள் அவரிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால், பதினோரு வருடத்தில் ஊர்க்காரர் ஒருவரும் அவருடைய மதத்தில் சேரவில்லை.

ஏன்?

நொபிலி விசாரித்தார். விடை ஒரே சொல்லில் இருந்தது. பரங்கி!

போர்ச்சுகீசியர்களை ஜனங்கள் பரங்கி என்றார்கள். மாட்டிறைச்சி தின்பவர்கள், குடிப்பவர்கள், குளிக்காதவர்கள் என்று அந்தச் சொல்லுக்குள் ஊருடைய அருவருப்பு மொத்தமும் இருந்தது. மதம் மாற வருகிறவரிடம் ‘பரங்கிக் குலத்தில் சேர விருப்பமா?’ என்று கேட்பதுதான் வழக்கமாம். அதாவது, சாமியை மட்டும் மாற்றிக்கொண்டால் போதாது. ஜாதி, சாப்பாடு, சொந்தபந்தம் எல்லாவற்றையும் தலைமுழுக வேண்டும். யார் வருவார்கள்?

1607-ல் நொபிலி ஒரு முடிவெடுத்தார். கறுப்பு அங்கி போனது, காவி வந்தது. காலில் பாதக்குறடு. நெற்றியில் சந்தனம். பிராமணர்கள் வசிக்கும் பகுதியில் தனி வீடு, பிராமணச் சமையல்காரர். ஒரு நாளைக்கு ஒருவேளை சாப்பாடு. சோறு, காய்கறி, பால், நெய். அவ்வளவுதான். கேட்டவுடன் தரிசனமும் கிடையாது. வந்தவர்கள் காத்திருந்து, திரும்பிப் போய், மறுபடி வர வேண்டும். பிற்பாடு, தான் பரங்கி அல்ல, ரோமாபுரியில் பெரிய குலத்தில் பிறந்தவன் என்று ஓலையில் எழுதி வாசலிலேயே அறிவித்தார்.

எல்லாம் சரி. இதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?

பெர்னாண்டஸ் நடத்திய பள்ளிக்கூடத்தின் வாத்தியார் ஒருவர், அவர்தான் முதல் குரு. இருபது நாள் நொபிலியோடு விவாதம் செய்து, கடைசியில் ஆல்பர்ட் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றார். அடுத்தவர் சிவதர்மர். தெலுங்கு பிராமணர். நொபிலிக்கு சம்ஸ்கிருதம் கற்றுக்கொடுத்தார். வேதம் படிக்க வைத்தார். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்காரனுக்கு அதைச் சொல்லித் தருவது விளையாட்டில்லை. வாத்தியாருக்கும் ஆபத்து, மாணவனுக்கும் ஆபத்து. 1609-ல் சிவதர்மரும் ஞானஸ்நானம் பெற்றார்.

அதாவது, மதுரைதான் நொபிலிக்குப் பயிற்சி கொடுத்தது. அதற்கு ஏற்ற ஊர்தான். மதுரையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பல ஆசிரியர்களிடம் படிக்கிறார்கள் என்று 1610-ல் எழுதிய கடிதம் ஒன்றில் வியந்திருக்கிறார்.

இப்போது நம்முடைய இரண்டாவது ஆள்.

1609-ல் இமானுவேல் லெய்த்தாவ் என்ற போர்ச்சுகீசியத் துறவி, நொபிலிக்குத் துணையாக மதுரை வந்து சேர்ந்தார். நொபிலிக்கு வயது முப்பதைத் தாண்டி ஒன்றோ இரண்டோ. ஊருக்கு வந்தே மூன்று வருடம்தான். அதற்குள் தலையில் ஒரு டிரெயினி!

கொஞ்சம் அந்த வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள். புதியவர் கற்க வேண்டியது பைபிள் இல்லை. அதெல்லாம் ஐரோப்பாவிலேயே முடிந்துவிட்டது. இங்கே பாலபாடத்திலிருந்து ஆரம்பம். தரையில் சம்மணமிட்டு உட்காரப் பழக வேண்டும். இலையில், கையால் சாப்பிட வேண்டும். இறைச்சி கிடையாது. பூசைக்குத் தவிர ஒயின் கிடையாது. குளிக்க வேண்டும். தமிழ் பேச வேண்டும். அதுவும் கடற்கரைத் தமிழ் போதாது, வித்வான்கள் சபையில் எடுபடுகிற தமிழ். நாயக்கர் அரண்மனையில் தெலுங்கு. வேதாந்தம் பேச வருகிறவரிடம் சம்ஸ்கிருதம். கடவுளைச் சர்வேசுரன் என்று சொல்லப் பழக வேண்டும். போர்ச்சுகீசியச் சொற்களை அப்படியே தமிழுக்குள் திணிக்கிற பழைய பழக்கம் இங்கே செல்லாது.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமான பாடம் இன்னொன்று. அதே ஊரில், கூப்பிடு தூரத்தில், தன் சபையைச் சேர்ந்த, தன் நாட்டையே சேர்ந்த பெரியவர் பெர்னாண்டஸ் இருக்கிறார். அவரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடக் கூடாது! சாப்பிட்டால், காவிக்குள் இருப்பது பரங்கிதான் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். கதை கந்தல்.

யோசித்துப் பாருங்கள். ஊரை விட்டு, ஆத்தாளை அப்பனை விட்டு, கடல் தாண்டி வந்த ஒரு மனுஷன். சொந்த பாஷையில் பேச ஊரில் ஓர் ஆள் இருந்தும் அவர் பக்கத்தில் போக முடியாது. வீட்டுக்குக் கடிதம் போட்டால், கோவா போய், கப்பல் ஏறி, லிஸ்பன் சேர்ந்து, பதில் வருவதற்குள் வருடக்கணக்கில் ஆகிவிடும்.

பெர்னாண்டஸ் நிலைமை இன்னும் மோசம். பதினோரு வருடம் தனியாகப் பாடுபட்டவர். நேற்று வந்த பையன் தன்னோடு ஒரு பந்தியில் உட்கார மாட்டேன் என்கிறான். அவனோடு இன்னொருத்தனும் சேர்ந்துகொண்டான். வயிறு எரியுமா, எரியாதா? 1610-ல் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். நொபிலி கிறிஸ்தவத்தைப் பரப்பவில்லை, அவரே இந்துவாகிவிட்டார், ஒரே ஊரில் இரண்டு மதம்போல இரண்டு கோயில் வைத்திருக்கிறார் என்பதுதான் சாரம். அவரை வெறும் பொறாமைக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது. 1616-ல் இந்துச் சடங்குகள் பற்றி விரிவாக ஒரு நூலே எழுதியவர். பிராமணர்கள் கட்டுகிற, பூசுகிற ஒவ்வொன்றுக்கும் மதப்பொருள் உண்டு என்பது அவர் கட்சி. இல்லை, அதெல்லாம் குலத்தின் அடையாளம், மத அடையாளம் இல்லை என்பது நொபிலி கட்சி.

புகார் கோவாவுக்குப் போனது. ரோம் வரை போனது. நொபிலி மதம் மாறிவிட்டார் என்று ஐரோப்பாவில் வதந்தி. உறவினரான கார்டினல் பெல்லார்மினே மனம் நொந்து கண்டித்துக் கடிதம் எழுதினார். விளக்கம் போன பிறகுதான் சமாதானமானார்.

இந்த இடத்தில்தான் இரண்டாவது ஆளின் அருமை தெரியும். காவி கட்டியது நொபிலி ஒருவர் மட்டும் என்றிருந்தால் என்னாகியிருக்கும்? ‘இளவயசு, வெயில் தலைக்கேறிவிட்டது’ என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதி அடுத்த கப்பலில் ஏற்றியிருப்பார்கள். ஆனால், லெய்த்தாவும் அதேபோல வாழ்ந்து பார்த்தார். அடுத்து அந்தோனியோ வீக்கோ வந்தார். நன்றாகப் படித்தவர், இத்தாலியர். அவரும் காவிக்கு மாறினார். நொபிலிக்கு ஆதரவாக வாதங்களை அடுக்கி ரோமில் இருந்த சபைத் தலைவருக்கே கடிதங்கள் எழுதினார். ஒருவர் செய்தால் கிறுக்கு. இன்னொருவர் கற்றுக்கொண்டு செய்தால் அது முறை. மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க முடிகிற எதையும் கிறுக்கு என்று தள்ளுவது கஷ்டம்.

1619-ல் கோவாவில் கூடிய மாநாட்டில் நொபிலிக்கு எதிராகத்தான் பெரும்பான்மை. ஆனால், கடைசித் தீர்ப்பு ரோமில். 1623 ஜனவரி 31-ம் தேதி போப் பதினைந்தாம் கிரகோரி, பூணூல், குடுமி, சந்தனம், ஸ்நானம் நான்கையும் நிபந்தனைகளோடு அனுமதித்தார். நொபிலி நிம்மதியாகத் திருச்சி, சேலம் பக்கம் கிளம்பிவிட்டார். மதுரையை யார் பார்த்துக்கொண்டார்? வீக்கோதான். 1638-ல் சாகும் வரை. நொபிலி போட்ட பாதை அவர் ஊரில் இல்லாதபோதும் புல் முளைக்காமல் இருந்தது என்றால், காரணம் அவரிடம் பயின்ற அந்த மனிதர்.

சுபம் போட்டுவிடலாமா? முடியாது. ரொட்டி பாக்கி இருக்கிறது.

பிராமணத் துறவிபோல் வாழும் பாதிரியார், ஒடுக்கப்பட்டவர்களிடம் பகிரங்கமாகப் பழக முடியவில்லை. ஆனால், ஞானஸ்நானம் கேட்டு அதிகம் வந்தது அவர்கள்தான். என்ன செய்வது? 1640-ல் பல்தசார் டி கோஸ்டா என்பவரை வைத்து இன்னொரு வகையை உண்டாக்கினார்கள். பண்டாரச் சாமி. இவர் எல்லா ஜாதியாரிடமும் போகலாம். ஆனால், ஒரே சபையைச் சேர்ந்த சன்னியாசிச் சாமியும் பண்டாரச் சாமியும் வெளியில் சரிசமமாக உட்கார்ந்து சாப்பிட முடியாது. நொபிலிக்கும் பெர்னாண்டஸுக்கும் நடுவே தற்செயலாக விழுந்த கோடு, இப்போது சட்டமாகிவிட்டது. பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு புதியவரும் அதையும் சேர்த்தே கற்றுக்கொண்டார்.

நொபிலி 1656-ல், கிட்டத்தட்டப் பார்வை போன நிலையில், மயிலாப்பூரில் இறந்தார். அதன் பிறகு பண்டாரச் சாமிகள்தான் நிலைத்தார்கள். ஓரியூரில் 1693-ல் கொல்லப்பட்ட அருளானந்தர் அந்த வழிதான். 1744-ல் போப் பதினான்காம் பெனடிக்ட், தாழ்த்தப்பட்டவர்களின் வீட்டுக்குப் பாதிரியார்கள் போகத் தயங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னபோது, கிடைத்த ஏற்பாடு என்ன தெரியுமா? அவர்களுக்கென்று தனியாகச் சில பாதிரியார்கள்!

ஒரு தேசத்தின் மொழியை, சாப்பாட்டை, உடையை இவ்வளவு மரியாதையோடு கற்றுக்கொண்ட வெளிநாட்டுக்காரர்கள் குறைவு. அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால், ஓர் ஊரிடம் பாடம் கேட்க உட்கார்ந்தால், அது தன் நல்லதை மட்டும் பொறுக்கியெடுத்துச் சொல்லித் தராது. மதுரை அந்த இளைஞருக்கு வேதாந்தம் கற்றுக்கொடுத்தது. கூடவே, யாரோடு உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்பதையும். முதல் பாடத்துக்குப் புத்தி வேண்டும். பல வருடம் பிடிக்கும். இரண்டாவது பாடத்தை, வந்து இறங்கிய புதியவர்கூட முதல் சாப்பாட்டிலேயே கற்றுக்கொண்டுவிட்டார்.