காஞ்சிபுரம் – பெங்களூரு: பயணத் தொலைவும் நேரமும்

தமிழ்நாட்டின் பட்டு நெசவு நகரமான காஞ்சிபுரத்துக்கும் கர்நாடகத் தலைநகர் பெங்களூருக்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு சுமார் 230 கி.மீ. சாலை வழியே ஏறத்தாழ 275 கி.மீ. காஞ்சிபுரத்தில் விமான நிலையம் இல்லை; அருகில் இருப்பது 60 கி.மீ. கிழக்கே உள்ள சென்னை மீனம்பாக்கம்.

சென்னை – பெங்களூரு விமானங்களின் அட்டவணை நேரம் சுமார் ஒரு மணி நேரம். அதில் வானில் பறப்பது முக்கால் மணி நேரம்தான். ஆனால் காஞ்சிபுரத்துக்காரருக்கு இந்தக் கணக்கு உதவாது. மேற்கே உள்ள ஊருக்குப் போக அவர் முதலில் கிழக்கே ஒன்றரை மணி நேரம் பயணம் செய்ய வேண்டும். சோதனைகளுக்காக இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். 2008இல் திறக்கப்பட்ட பெங்களூரு கெம்பேகௌடா விமான நிலையம் நகருக்கு வெளியே தேவனஹள்ளியில் இருப்பதால், இறங்கியபின் நகருக்குள் வர மேலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எல்லாம் சேர்ந்து ஆறு மணி நேரத்தைத் தொடுகிறது. காரில் கிளம்பினால் ஐந்து மணி நேரத்தில் போய்விடலாம்.

வெள்ளைகேட் அருகே தேசிய நெடுஞ்சாலை 48இல் ஏறினால் ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக ஒரே சாலை. அரசுப் பேருந்துகள் நேரடியாகவே போகின்றன. ரயிலில் போவோர் செங்கல்பட்டு – அரக்கோணம் கிளைப் பாதையில் அரக்கோணம் சென்று, 1964 முதல் ஓடும் பிருந்தாவன் விரைவு ரயில் போன்றவற்றைப் பிடிக்கலாம். அல்லது பேருந்தில் காட்பாடி போய் ரயில் ஏறலாம். காட்பாடியில் வந்தே பாரத் ரயிலும் நிற்கிறது.

காஞ்சிபுரத்துக்கு இந்த வழித்தடம் வெறும் பயணப் பாதை அன்று. ஊரின் தறிகளுக்கு வேண்டிய பட்டு நூலில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்தே வருகிறது. பெங்களூருக்குத் தென்மேற்கே சுமார் 50 கி.மீ. தொலைவில் உள்ள ராமநகராவின் பட்டுக்கூடுச் சந்தை நாட்டின் பெரிய சந்தைகளுள் ஒன்று. அங்கே ஏலம் போகும் கூடு நூலாகி, முறுக்கேறி, சாயம் தோய்ந்து, பாவாகவும் ஊடையாகவும் காஞ்சிபுரத் தறியில் ஏறுகிறது. விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை விரித்து, அரிசிக் கஞ்சி தோய்த்து, வெயில் ஏறுமுன் இழை இழையாகச் சீர்செய்யும் நெசவாளர் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த நூலின் அருமை தெரியும். மல்பெரித் தோட்டங்களில் மழை பொய்த்து நூல் விலை ஏறினால், முதலில் அடிபடுவது இங்குள்ள தறிகளே.

மேலே சொன்ன பயண நேரக் கணக்கை மாற்றக்கூடிய திட்டங்கள் இரண்டு. ஒசகோட்டையிலிருந்து திருப்பெரும்புதூர் வரையிலான பெங்களூரு – சென்னை விரைவுச்சாலை சுமார் 260 கி.மீ. நீளமுடையது, அது முழுமையானால் சாலைப் பயணம் கணிசமாகக் குறையும். இன்னொன்று, காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே பரந்தூரில் அமையவுள்ளதாக 2022இல் அறிவிக்கப்பட்ட விமான நிலையம். விளைநிலமும் ஏரிகளும் பறிபோகும் என்று ஏகனாபுரம் உள்ளிட்ட ஊர் மக்கள் அன்று முதல் எதிர்த்துப் போராடி வருகிறார்கள். அவர்களின் கவலை நியாயமானது. ஏரிப் பாசனத்தால் வாழும் மாவட்டம் இது.

பரந்தூரிலிருந்தே விமானம் கிளம்பினாலும், முன்கூட்டியே போய்க் காத்திருக்கும் நேரமும் தேவனஹள்ளியிலிருந்து நகருக்குள் வரும் நேரமும் அப்படியேதான் இருக்கும். இந்த இரு ஊர்களுக்கு இடையே தரைவழியே ஏற்றது.