கூலிக் கணக்கும் கடன் கணக்கும்

தொழிலாளரின் ஊதியம், வேலையின்மை, அரசின் கொள்கை ஆகியன பற்றிப் பல்கலைக்கழகங்களில் ஆய்வரங்குகள் நடைபெறுகின்றன. கட்டுரைகள் வாசிக்கப்படுகின்றன, அட்டவணைகள் காட்டப்படுகின்றன, பேராசிரியர்கள் வினவ, மாணவர்கள் விடையிறுக்கின்றனர். இவற்றை ஏட்டுச் சுரைக்காய் என்று எள்ளி ஒதுக்கும் நண்பர்களோடு நாம் உடன்படுவதில்லை. ஆயினும், மன்னார்த் தீவின் ஓலைத்தொடுவாய் போன்றதொரு கடற்கரைச் சிற்றூரில் நின்று அவ்வரங்குகளை நோக்கும்பொழுது ஒரு கேள்வி எழாமற் போவதில்லை. அந்த அட்டவணைகளில் எந்த உழைப்பாளி இடம்பெற்றிருக்கிறார்? எவர் விடுபட்டுப் போனார்?

மன்னார்க் கரை உழைப்பாளிகளை எண்ணிப் பழகிய கரை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்கள் தோன்றியபின், இராமநாதபுரம், மதுரை, திருச்சி, தஞ்சை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து புறப்பட்ட ஏழை மக்கள் தோணிகளில் கடல் கடந்து இக்கரையில் இறங்கினர். இங்கிருந்து காட்டுவழியே மிகிந்தலையும் தம்புள்ளையும் கடந்து மாத்தளை வரை நூறு மைலுக்கு மேல் நடந்தனர். வாந்திபேதியும் அம்மையும் பசியும் வழித்துணையாயின. வந்தவர் எத்தனை, திரும்பியவர் எத்தனை என்று அரசு தலையெண்ணி வைத்தது. இடையில் மாண்டவர் தொகை யாது என்பது பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகின்றனர். தலையை எண்ணியவர்கள் வாழ்வை எண்ணவில்லை; எண்ணியிருந்தால் இவ்வாதத்துக்கு இடமே இருந்திராது.

அவர்கள் எண்ணாத மற்றொன்றும் உண்டு, அது கடன். ஊரைவிட்டுப் புறப்படும்போதே கங்காணி முற்பணம் கொடுத்தான். பழங்கடன் தீர்ப்பதற்கும் வழிச்செலவுக்கும் சோற்றுக்குமாக வாங்கிய அப்பணம், தொழிலாளி ஒருநாள் வேலையும் செய்யுமுன்பே அவர் பெயரில் பற்றாக ஏறிவிட்டது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமாயின் ‘துண்டு’ வேண்டும். இன்ன தொகையைச் செலுத்தினால் இவ்வாட்களை விடுவிக்கச் சம்மதம் என்று தோட்டத்தார் எழுதித் தரும் சீட்டே துண்டு. புதிய தோட்டம் தொகையைக் கட்டியது. ஆயின் கடன் தீரவில்லை, கைமாறியது. பெரும்பாலும் வளர்ந்தும் போயிற்று. 1921ஆம் ஆண்டில்தான் சட்டம் இம்முறையை ஒழித்தது.

ஓலை என்பது நம் மொழியில் பனையின் இலை மட்டுமன்று. எழுதப்பட்ட ஆவணமும் அதுவே. திருமணப் பந்தலில் சுந்தரரைத் தடுத்தாட்கொள்ள வந்த முதியவர் நீட்டியதும் ஓர் ஆளோலையன்றோ! துண்டு அதன் தோட்டக்காட்டு வழித்தோன்றல் எனலாம். வேறுபாடு ஒன்றே: இங்கே ஆட்கொண்டவன் இறைவன் அல்லன்.

இக்கடன் கடலுக்கு இப்பால் பிறந்ததா, அப்பால் பிறந்ததா? இதற்கு விடை தந்தது ஒரு பல்கலைக்கழக வகுப்பே. 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் சிலேட்டர். அதற்குமுன் ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்க்கென நிறுவப்பட்ட ரஸ்கின் கல்லூரியின் முதல்வராயிருந்தவர். இங்கிலாந்தில் ஊர்ப் பொதுநிலங்கள் வேலியிடப்பட்டு உழவர் நிலமிழந்த வரலாற்றை ஆராய்ந்தவர். (திராவிடப் பண்பாடு பற்றி அவர் 1924இல் வெளியிட்ட நூலைத் தமிழ் பயின்றோர் அறிவர், நம்மைப் போன்றோர் அவரை அந்நூலால் மட்டும் அறிந்திருப்பது ஒரு குறையே.) அவர் தம் மாணவர் கையில் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் சொந்த ஊருக்குச் சென்று நிலம், மாடு, கூலி, கடன் அனைத்தையும் கேட்டெழுதி வருமாறு பணித்தார். வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி, இருவேல்பட்டு முதலிய ஊர்களின் செய்திகள் 1918இல் நூலாயின.

தென்னார்க்காட்டு இருவேல்பட்டில் அம்மாணவர் கண்டது யாது? படியாட்கள் கடன்பட்டு நிலவுடைமையாளருக்கு ஆட்பட்டிருந்தனர், கடன் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கியது, திருப்பிச் செலுத்தப்படுவதில்லை. நாட்கூலி எவ்வளவு என்று மட்டும் கேட்டிருந்தால் இவ்வுண்மை வெளிப்பட்டிராது. கங்காணியின் முற்பணம் புதிய விலங்கன்று. பழைய விலங்கின் நீட்சி. கடல் அதை அறுக்கவில்லை.

அவ்வூர்களை 1936 முதல் பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியோரின் மேற்பார்வையில் மீண்டும் ஆராய்ந்தனர். நூல் 1940இல் வந்தது. இருவேல்பட்டுக்கு 1980களில் எஸ். குகனும் ஜோன் மென்சரும் சென்றனர். பின்னர் ஜோன் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் சென்று 2008 வரையிலான மாற்றத்தை எழுதினர். நிலவுடைமையாளரின் பிடி தளர்ந்தமையையும், உழைப்போர் ஊருக்கு வெளியே பிழைப்புத் தேடிக்கொண்டமையையும் அவர்கள் கண்டனர். ஒரே ஊரின் உழைப்பாளியை ஒரு நூற்றாண்டுக் காலம் பின்தொடர்ந்த ஆய்வு உலகிலேயே மிகச் சிலவாகத்தான் இருக்கும்.

இலங்கையில் நடந்தது வேறு. இங்கே கூலியைப் பற்றிச் சட்டம் வந்தது. 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் விதிக்கப்பட்டன. கொழுந்து கொய்பவர் பெண். குறைந்த கூலியும் பெண்ணுக்கே! தோட்டங்களில் ஆண் பெண் கூலி சமமாக்கப்பட்டது 1984இல். இடையில் கழிந்தவை 55 ஆண்டுகள்.

ஆராய்ச்சி சொன்னதைக் கொள்கை கேட்டதா என்றால், அதுவும் இல்லை. இந்தியத் தொழிலாளரின் வருகையால் இலங்கையரின் வேலைவாய்ப்புக் கெடுகிறதா என்று விசாரிக்க நியமிக்கப்பட்ட சேர் எட்வேட் ஜாக்சன் 1938இல் அறிக்கை தந்தார். குற்றச்சாட்டை அவர் ஏற்கவில்லை. பத்தே ஆண்டுகளில் வந்த 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அத்தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டுச் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. பாட்டன் இறங்கிய மன்னார்க் கரை வழியாகவே பேரன், தலைமன்னாரில் கப்பலேறினான். அறிக்கை அலமாரியில் இருந்தது.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் தோன்றியது. என். கே. சர்க்காரும் எஸ். ஜே. தம்பையாவும் பாத்ததும்பறைக் கிராமங்களை வீடுவீடாக ஆராய்ந்து 1957இல் வெளியிட்ட ‘சிதையும் கிராமம்’ என்னும் பொருள்படும் ஆங்கில நூல், துண்டாடப்பட்ட நிலத்தையும் நிலமற்றோர் நிலையையும் காட்டியது. அரிய பணி அது. பாத்ததும்பறை பேராதனைக்கு அண்மையில் உள்ளது. மன்னார் தொலைவில் உள்ளது.

தொலைவு மைல் கணக்கில் மட்டும் இருக்கவில்லை. இலங்கையில் காலாண்டுதோறும் நடக்கும் தொழிற்படை அளவீடு 1990இல் தொடங்கியபோது வடக்கும் கிழக்கும் அதில் இல்லை. அதே 1990இல்தான் மன்னார்க் கரையின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். தமிழ்க் குடும்பங்கள் தோணியேறி இராமேசுவரத்துக்கு அகதிகளாக ஓடின. கடற்றொழில் கட்டுப்பாடுகளுள் முடங்கியது. 1981க்குப் பின் இங்கே முழுமையான குடிசன மதிப்பு 2012இல்தான் நடந்தது. தொழிற்படை அளவீடு 2011 முதலே எல்லா மாவட்டங்களையும் உள்ளடக்கியது. ஆகவே, அந்த இருபது ஆண்டுகளில் ஆய்வரங்குகளில் ‘இலங்கையின் வேலையின்மை’ என்று வாசிக்கப்பட்ட எண்களில், வேலையை மட்டுமன்றி வீட்டையும் இழந்த இம்மக்கள் இல்லை. அட்டவணையின் அடியில் சிற்றெழுத்தில் ‘வடக்கு, கிழக்கு நீங்கலாக’ என்றிருக்கும். சிற்றெழுத்தை எத்தனை பேர் வாசித்தார்கள்?

இன்று எண்ணுகிறார்கள், மகிழ்ச்சியே. ஆனால் எதை எண்ணுகிறார்கள்? கரைவலை இழுப்பவருக்கு நாட்கூலி இல்லை; பங்கு உண்டு. செலவு போக மிஞ்சுவதில் வலைக்கும் வள்ளத்துக்கும் உரியதைச் சம்மாட்டி எடுத்தபின், எஞ்சியது உழைத்தவருக்குப் பிரியும். அளவு ஊருக்கு ஊர் வேறுபடும். மீன்படாத மாதங்களில் சம்மாட்டியிடமோ முதலாளியிடமோ முற்பணம் வாங்குவார்கள். வாங்கியவர் பிடித்த மீனை வேறொருவருக்கு விற்க இயலாது, விலையைச் சொல்வதும் அவரில்லை. கருவாடு காயப்போடும் மனைவி, அட்டவணையில் ‘ஊதியமில்லாக் குடும்ப உழைப்பாளர்’. படியாளின் கடன், கங்காணியின் துண்டு, சம்மாட்டியின் முற்பணம்! கூலியை மட்டும் கேட்கும் வினாத்தாளில் இம்மூன்றும் விழுவதில்லை.

யாழ்ப்பாணத்தில் 1974 முதல் பல்கலைக்கழகக் கல்வி நிலைத்துள்ளது. மன்னார்ப் பிள்ளைகள் அங்கும் பேராதனைக்கும் கொழும்புக்கும் சென்று பொருளியல் கற்கின்றனர். விடுமுறையில் அவர்கள் ஊர் திரும்பும்போது அவர்தம் ஆசிரியர் ஒருவர், சிலேட்டர் செய்தது போல, ஒரு வினாப்பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்பலாம். ஓலைத்தொடுவாயிலிருந்தே தொடங்கலாம். முதல் வினா ‘உமது கூலி எவ்வளவு?’ என்பதாக இருக்க வேண்டியதில்லை. யாரிடம் முற்பணம் வாங்கினீர், எந்த ஆண்டில், இதுவரை எத்தனை பாட்டு மீன் அதற்காகக் கொடுத்தீர், உம் தந்தை வாங்கியதும் அதே வீட்டில்தானா என்று கேட்டெழுதி வரட்டும்.