வண்டலூரில் பிறந்த ரோவர்

மாருதி கார் வைத்திருப்பவர், சிக்னலில் பக்கத்தில் இன்னொரு மாருதி வந்து நின்றால் கவனிக்கக்கூட மாட்டார். 1980களின் சொகுசுக் கார் ஒன்றை இன்றும் ஓடும் நிலையில் வைத்திருப்பவர் கதை வேறு. தன் வண்டியைப் போல இன்னொன்றை ஊருக்குள் பார்க்க அவர் ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். பார்த்துவிட்டால், வேலையெல்லாம் மறந்து, வண்டியை ஓரங்கட்டிவிட்டு அந்த டிரைவரிடம் பேசப் போய்விடுவார்.

“அந்தக் காலத்தில் விற்றதே கொஞ்சம்தானே, அதனால்தான் கண்ணில் படுவதில்லை” என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, விற்ற பிறகு நடந்த கதை. அதைச் சொல்ல ஒரு காரை எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் ஸ்டாண்டர்ட் 2000. இங்கிலாந்தில் உருவான வண்டி. ஆனால் இந்தியாவில் அது செய்யப்பட்ட இடம், நாம் செங்கல்பட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் ஜி.எஸ்.டி. சாலையில் கடந்து போகும் பெருங்களத்தூர் – வண்டலூர் பகுதி.

ஆலையின் கதை

சுதந்திரம் வந்த மறு ஆண்டு, 1948-இல், இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் சென்னையின் யூனியன் கம்பெனி (மோட்டார்ஸ்) நிறுவனமும் சேர்ந்து ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கம்பெனியைத் தொடங்கின. கல்கத்தாப் பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்ட். அந்நாளில் இந்தியர்களுக்குக் கார் என்றால் பெரும்பாலும் இந்த மூன்று ஊர்களிலிருந்துதான் வரும்.

வண்டலூர் ஆலையில் முதலில் வேன்கார்ட் என்ற கார் பூட்டப்பட்டது. பிறகு ஸ்டாண்டர்ட் டென் வந்தது. 1961-இல் ஹெரால்டு வந்தது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஹெரால்டை நினைவிருக்கும். அதன் பானெட், முன்பக்க மட்கார்டு எல்லாம் ஒரே துண்டாக முன்னால் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கலாம். 1968-இல் நான்கு கதவு வைத்த ஹெரால்டு மார்க் 3 வந்தது. அந்த மாடல் இந்தியாவுக்கென்றே செய்தது. 1972-இல் அதையே சற்று மாற்றி கெஸல் என்று விட்டார்கள். 1977-இல் கெஸல் நின்றது. அதன் பிறகு ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஆலையிலிருந்து கார் எதுவும் வரவில்லை. ஸ்டாண்டர்ட் 20 என்ற வேன்தான் ஓட்டிக்கொண்டிருந்தது.

1980களில் காற்று மாறியது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அடுத்த ஆண்டு ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், வாக்ஸால் கம்பெனியின் பழைய மாடல் ஒன்றை எடுத்து கான்டெஸா என்று கொண்டுவந்தது. பிரீமியர் 118 என்.இ. காரைக் கொண்டுவந்தது. அம்பாசடருக்கும் பத்மினிக்கும் மேலே ஒரு படி வேண்டும் என்று பணம் உள்ளவர்கள் கேட்கத் தொடங்கிய காலம் அது. ஸ்டாண்டர்டும் சும்மா இருக்க முடியவில்லை.

மாப்பிள்ளை சட்டை, தாத்தா இதயம்

அவர்கள் தேர்ந்தெடுத்தது ரோவர் எஸ்.டி.1 என்ற பிரிட்டிஷ் கார். 1976-இல் வெளிவந்தது. டேவிட் பாச் என்ற வடிவமைப்பாளர், பெராரி டேடோனாவின் சாயலை ஒரு குடும்பக் காரில் கொண்டுவந்தார். ஐந்து கதவு, நீண்ட மூக்கு, பின்னால் சரிந்து இறங்கும் கூரை. 1977-இல் ஐரோப்பாவின் ‘ஆண்டின் சிறந்த கார்’ விருது அதற்குத்தான் கிடைத்தது. மூன்றரை லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சின், 155 குதிரைத்திறன். இங்கிலாந்துப் போலீஸ் நெடுஞ்சாலைகளில் விரட்டிப் பிடிக்க வைத்திருந்த வண்டி.

ஒரு சின்ன விஷயத்தையும் சொல்ல வேண்டும். இதன் மீட்டர்கள் டேஷ்போர்டுக்குள் புதைந்திருக்காது. தனிப் பெட்டியாக மேலே உட்கார்ந்திருக்கும். இடது பக்கம் ஓட்டும் நாடுகளுக்கும் வலது பக்கம் ஓட்டும் நாடுகளுக்கும் ஒரே டேஷ்போர்டு போதும். பெட்டியை மட்டும் இடம் மாற்றிவிடலாம். பயணி பக்கம் காற்று வரும் துவாரம்தான், மற்ற நாட்டில் ஸ்டீயரிங் தண்டு போகும் வழி. செலவை மிச்சம் பிடிக்க நன்றாக யோசித்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் எஸ்.டி.1-இன் காலம் முடியும் தறுவாயில், 1985-இல், அது வண்டலூரில் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெயரில் வந்தது. உடம்பு அதேதான். நம் சாலைகளுக்காகத் தரையிலிருந்து சற்று உயர்த்தியிருந்தார்கள். ஆனால் எஞ்சின்? எட்டு சிலிண்டர் எஞ்சின் வரவில்லை. அதற்குப் பதில் ஆலையில் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த 1991 சி.சி., நான்கு சிலிண்டர் எஞ்சினை வைத்தார்கள். அதன் பூர்வீகம் 1940களின் வேன்கார்ட் கார். இங்கிலாந்தில் ஃபெர்குஸன் டிராக்டரில் உழவுக்குப் போனதும் இதே குடும்பத்து எஞ்சின்தான். சக்தி சுமார் 80 குதிரைத்திறன். அதாவது அசல் வண்டியில் பாதிக்குச் சற்று மேல். கியர் நான்குதான்.

எஞ்சின் மோசம் என்று சொல்ல முடியாது. உறுதியானது, எந்தப் பட்டறையிலும் பிரிக்கலாம். ஆனால் பெராரியின் சாயலைப் பார்த்து ஏறி உட்கார்ந்தவர், வேனின் இழுவையை எதிர்பார்த்திருக்க மாட்டார். பெட்ரோலும் நிறையக் குடித்தது. விலையோ மாருதி 800-இன் விலையைப் போலப் பல மடங்கு. நான் வங்கியில் இருந்த அந்த நாட்களில் தனி ஆள் கார் கடன் கேட்டு வருவதே அபூர்வம். வந்தவர்களும் முதலில் கேட்டது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைத்தான். 1988-இல் ஆலை மூடப்பட்டது. ஸ்டாண்டர்ட் 2000 விற்பனையில் இருந்தது மூன்று ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடக் குறைய.

ஏன் கண்ணில் படுவதில்லை?

இனிதான் நான் சொல்ல வந்தது. கான்டெஸாவும் சொகுசுக் கார்தான். ஆனால் இன்றும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கண்ணில் படுகிறது. முதல் காரணம், அது 2002 வரை தயாரிப்பில் இருந்தது. இரண்டாவது, ஆரம்பத்தில் அதில் இருந்தது அம்பாசடரின் எஞ்சின். பிறகு வந்த இசுஸு எஞ்சினும் அதே கம்பெனி அம்பாசடரில் போட்டதுதான். ஊருக்கு ஊர் டாக்ஸி ஓடிக்கொண்டிருந்ததால், கான்டெஸாக்காரருக்குச் சாமானும் மெக்கானிக்கும் கிடைத்துக்கொண்டே இருந்தன.

ஹெரால்டைப் பாருங்கள். ஸ்டாண்டர்ட் 2000-ஐ விட கால் நூற்றாண்டு மூத்தது. ஆனாலும் பழைய கார் அணிவகுப்புகளில் ஹெரால்டு தவறாமல் வருகிறது. அதற்குத் தனி சேஸிஸ் உண்டு, உடம்பு அதன் மேல் போல்ட் போட்டுப் பூட்டியது. துருப்பிடித்த பகுதியைக் கழற்றி, டிங்கரிங் பட்டறையில் தட்டி, வெல்டு வைத்து மாட்டிவிடலாம். பத்தாண்டுக்கு மேல் செய்ததால் ஒரு வண்டியின் சாமானைக் கழற்றி இன்னொன்றில் போடவும் வழி இருந்தது.

ஸ்டாண்டர்ட் 2000-க்கு இந்த இரண்டும் இல்லை. எஞ்சின் பாகம் வேனிலிருந்து கிடைக்கும். ஆனால் பெரிய கண்ணாடி, பின்விளக்கு, கதவுப் பூட்டு, பீடிங் ரப்பர், அந்த மீட்டர் பெட்டி இவை வேறு எந்த இந்தியக் காருக்கும் பொருந்தாது. புதுப்பேட்டையில் எந்தக் கடையில் கேட்டாலும், அதே மாடல் வண்டி ஒன்று உடைக்க வந்திருந்தால்தான் உண்டு. லேத் பட்டறையில் ஒரு தண்டைக் கடைந்து வாங்கலாம். பின்பக்கக் கண்ணாடியைக் கடைய முடியாது. ஒரு சின்ன விபத்தில் விளக்கு உடைந்த வண்டி, விளக்குக்காகக் காத்திருந்து, அப்படியே ஷெட்டில் நின்று, பேட்டரி போய், டயர் போய், கடைசியில் எடைக்குப் போகும். வண்டிகள் தேய்ந்ததைவிடக் காத்திருந்தே அதிகம் அழிந்தன.

ஆலை மூடியபோது அங்கே பாகங்கள் நிறைய மிச்சம் இருந்தன. ஏறக்குறைய 18 ஆண்டுகள் அவை அங்கேயே கிடந்தன. 2006-இல் ஆலையை இடித்தபோது, பழைய பிரிட்டிஷ் கார்களுக்குச் சாமான் விற்கும் ரிம்மர் பிரதர்ஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனி அவற்றை வாங்கிக்கொண்டது. வண்டலூருக்கு வந்த பாகங்கள் திரும்பவும் கப்பலேறின. இங்கே ஒரு ஸ்டாண்டர்ட் 2000 வைத்திருப்பவர், தன் வீட்டிலிருந்து அரை மணி தூரத்தில் கிடந்திருக்கக்கூடிய ஒரு விளக்கை, இனி பவுண்டு கொடுத்து வரவழைக்க வேண்டும். அந்த ஆலை நிலத்தில் இன்று ஐ.டி. கட்டடங்களும் நம்மைப் போன்றவர்களின் அடுக்குமாடிகளும் நிற்கின்றன.

வாங்கிய கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. அங்கே கேட்பதற்கு ஆள் இருந்தார்கள். எஸ்.டி.1 இங்கிலாந்தில் மூன்று லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி. அங்கேயும் பெரும்பாலானவை துருப்பிடித்துப் போய்விட்டன. ஆனால் மிச்சமிருப்பவற்றின் சொந்தக்காரர்கள் சேர்ந்து சங்கம் வைத்தார்கள், யாரிடம் எந்தப் பாகம் இருக்கிறது என்று பட்டியல் வைத்தார்கள். சாமானும் தேவையும் ஒன்றையொன்று கண்டுபிடித்தன. இங்கே ஒரு வண்டிக்காரருக்கு இன்னொரு வண்டிக்காரர் இருப்பதே தெரியாது. ஊருக்குள் தன் மாடல் வண்டியைக் காணாதவர், “நான் ஒருத்தன்தான் போலிருக்கிறது” என்று நினைத்துக்கொள்கிறார். அந்த நினைப்பிலேயே ஒரு நாள் விற்றும்விடுகிறார்.

கணக்குப் புத்தகம் சொல்வது

காமர்ஸ் படித்தவன், கணக்குச் சொல்லாமல் விடமாட்டேன். வருமான வரிக் கணக்கில் காருக்குத் தேய்மானம் ஆண்டுக்கு 15 சதவீதம், குறைந்த மதிப்பின் மேல். இரண்டு லட்சம் ரூபாய்க்கு வாங்கிய கார் என்று வைத்துக்கொண்டால், 10 ஆண்டு கழித்துப் புத்தக மதிப்பு சுமார் 39,000. 35 ஆண்டு கழித்து சுமார் 680 ரூபாய். பூஜ்யத்தை அது தொடவே தொடாது, ஆனால் யாரும் அதை மதிக்கவும் மாட்டார்கள். நம் ஊரில் பழைய வண்டிக்கு விலை பேசுகிறவர்கள் இந்தப் புத்தகத்தைத்தான் மனதில் வைத்துப் பேசுகிறார்கள், இல்லையென்றால் இரும்பின் எடையை.

அரசு விதி வேறு மாதிரி பார்க்கிறது. சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு. பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்தது. ஆனால் 2021 ஜூலையில் வந்த விதிப்படி, 50 ஆண்டைத் தாண்டி, பெரிய மாற்றம் செய்யாமல் அசலாக வைத்திருக்கும் வண்டியைப் பாரம்பரிய வண்டியாகப் பதியலாம். அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி வேலைக்கு எடுக்க முடியாது, கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாம். முதல் ஸ்டாண்டர்ட் 2000-க்கு 2035-இல் 50 வயது ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதுதான் பிரச்சினை. 35 வயதும் 40 வயதும் ஆன வண்டிக்கு, பழசு என்ற கெட்ட பெயர் உண்டு, பாரம்பரியம் என்ற நல்ல பெயர் இன்னும் வரவில்லை. பெரும்பாலான வண்டிகள் உடைக்கப் போவது இந்த இடைவெளியில்தான்.

நம் பார்க்கிங்கில்

எல்லாக் குடியிருப்பிலும் உறை போட்ட வண்டி ஒன்றிரண்டு நிற்கும். பொதுக்குழுவில் அதைப் பற்றிப் பேச்சும் வரும். இடத்தை அடைக்கிறது, எலி கூடு கட்டுகிறது, பெட்ரோல் டேங்க் ஆபத்து என்பதெல்லாம் நியாயமான புகார்கள். சொந்தக்காரர் அவற்றுக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நோட்டீஸ் ஒட்டும் முன் உறைக்குள் என்ன வண்டி என்று ஒரு முறை கேட்டுவிடலாம்.

வைத்திருப்பவர்களுக்கும் மூன்று யோசனை. ஆர்.சி. காலாவதியாக விடாதீர்கள், தாமதத்துக்கு மாதக் கணக்கில் கூடுதல் கட்டணம் ஏறும், விற்கவும் சிக்கல். ஒரு பாகம் போனால் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள், அளவெடுக்கவாவது உதவும். விற்பதாக முடிவு செய்தால், எடைக்காரரைக் கூப்பிடும் முன் அதே மாடல் வைத்திருப்பவர் யாரையாவது தேடுங்கள். ஓடாத வண்டியும் ஓடுகிற ஒரு வண்டிக்கு உயிர் கொடுக்கும்.

வண்டலூர் ஆலையில் வேலை பார்த்தவர்கள், அல்லது வீட்டில் யாராவது பார்த்திருந்தவர்கள், நம் வளாகத்தில் இருந்தால் சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள். எந்தப் பிரிவில் இருந்தீர்கள், 2000 எப்படிப் பூட்டப்பட்டது, கடைசி நாட்கள் எப்படி இருந்தன என்று கேட்டு எழுதி, அடுத்த இதழில் போட ஆசை. அப்படி எழுதிவைக்க வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.