லிப்ரே ஆபிஸ்: தேங்கும் புகார்களைத் தன்னார்வலர்கள் கையாளும் முறை

கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் லிப்ரே ஆபிஸ். 2010 செப்டம்பரில் ஓப்பன் ஆபிஸிலிருந்து பிரிந்து வந்தது. பெர்லினில் உள்ள 'தி டாக்குமெண்ட் பவுண்டேஷன்' அறநிறுவனம் இதைக் கவனிக்கிறது. சில நிறுவனங்களின் நிரலாளர்கள் சம்பளத்துக்குப் பங்களித்தாலும், சோதனையும் மொழிபெயர்ப்பும் பெரிதும் தன்னார்வலர்களை நம்பியே நடக்கின்றன.

பயனர்களின் பிழைப் புகார்களும் புதிய வசதிக்கான கோரிக்கைகளும் 'பக்சில்லா' என்ற பொதுப் பதிவேட்டில் சேர்கின்றன. எழுதுவோர் பலர், தீர்ப்போர் சிலர். அதனால் புகார்கள் தேங்குகின்றன.

தேக்கம் குறைவது எப்படி?

• புதிய புகார் 'உறுதி செய்யப்படாதது' என்ற நிலையில் நிற்கும். வேறொருவர் தம் கணினியில் அதே பிழையை வரவழைத்துப் பார்த்தால்தான் அது அடுத்த நிலைக்குச் செல்லும். புகார் கொடுத்தவரே உறுதி செய்யக்கூடாது.

• ஒரே பிழையைப் பலர் எழுதியிருந்தால், அவை ஒரே புகாரோடு இணைக்கப்படும்.

• விவரம் போதாவிட்டால் கேள்வி கேட்கப்படும். சுமார் 6 மாதம் பதில் இல்லையென்றால் நினைவூட்டல் வரும். அதற்கும் பதில் இல்லையேல் புகார் மூடப்படும்.

• முந்தைய பதிப்பில் சரியாக இருந்து புதியதில் கெட்டுப்போனவை தனியே குறிக்கப்படும். எந்த மாற்றத்தால் கெட்டது என்பதைப் பழைய பதிப்புகளை ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள்.

• ஓராண்டாக அசைவில்லாத புகார்களை அண்மைப் பதிப்பில் மீண்டும் சோதிக்கச் சொல்வார்கள். சில பிழைகள் அதற்குள் தீர்ந்திருக்கும்.

தமிழர்களின் பங்கு

உறுதி செய்ய நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஒற்றைக்கொம்பு இடம் மாறினாலோ புள்ளி விலகினாலோ, தமிழ் படிக்கத் தெரியாத தன்னார்வலருக்கு அது பிழை என்றே தெரியாது. நாம் பார்த்துச் சொல்லாவிட்டால் அத்தகைய புகார் வரிசையிலேயே கிடக்கும்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை

ஒரு புகாரில் ஒரு பிழை மட்டும் இருக்கட்டும். மென்பொருளின் பதிப்பு எண், கணினியின் இயங்குதளம், என்னென்ன செய்தபோது பிழை வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் ஆகியவற்றை எழுதுங்கள். எளிய ஆங்கிலமே போதும். "எனக்கும் இதே பிரச்சினை" என்று மட்டும் சொல்வதால் பயனில்லை. உங்கள் பதிப்பு எண்ணையும் சேருங்கள்.

மாதிரிக் கோப்பு ஒன்றை இணைத்தால் வேலை விரைவாகும். ஆனால் பதிவேட்டை யாரும் பார்க்கலாம். அடையாள அட்டை எண், சம்பள விவரம், முகவரி போன்றவற்றை முதலில் அழித்துவிடுங்கள்.