அணு அவசரகாலப் பயிற்சியும் மக்கள் மொழியும்: கீரிமலைக் கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

கீரிமலை பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் தலபுராண மரபினைச் சார்ந்தே அமைந்துள்ளன. நகுலேஸ்வரமும், கடலை ஒட்டி நன்னீர் சுரக்கும் கேணியும், ஆடி அமாவாசையன்று இறந்த தந்தையரை நினைந்து தீர்த்தமாடும் மக்களும் அவ்வெழுத்துகளின் பொருளாவன. ஆயின் ஓர் ஊரின் வரலாறு அதன் ஐதிகத்தோடு முடிந்துவிடுவதில்லை. அதனைச் சூழ உற்பத்திச் சக்திகள் மாறும்பொழுது, உலகப் படத்தில் அவ்வூருக்குரிய பொருளும் மாறுகின்றது. தமிழ்நாட்டில் அணுமின் நிலையங்கள் அமைந்த கல்பாக்கத்துக்கும் கூடங்குளத்துக்கும் கீரிமலை ஏறத்தாழ ஒரே தொலைவில், அதாவது 300 கிலோமீற்றர் அளவில் உள்ளது. முன்னது நேர் வடக்கே, பின்னது தென்மேற்கே. அணு, கதிர்வீச்சு அவசரநிலைகளை எதிர்கொள்வதற்கான பயிற்சி ஏற்பாடுகள் உலகளாவிய நிலையில் எவ்வாறு உருவாகின, அவை இத்தகையதொரு கரையை எந்த அளவுக்கு எட்டியுள்ளன என்பவற்றை இக்கட்டுரையில் நோக்க முற்படுகிறோம்.

விபத்தின் பின் வந்த பயிற்சி

சர்வதேச அணுசக்தி முகவரகம் 1957இல் நிறுவப்பட்டது. அதன் தொடக்க காலத்து அக்கறை அணுசக்தியின் ஆக்கப் பயன்பாடும், அது படைக்கலமாக மாறாது தடுத்தலுமேயாம். விபத்து என்பது கோட்பாட்டளவில் ஒப்புக்கொள்ளப்பட்டபோதும், அதற்கென நாடுகளைப் பிணைக்கும் சட்டம் இருக்கவில்லை. 1979இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டில் நிகழ்ந்த விபத்துக்கூட இந்நிலையை முற்றாக மாற்றவில்லை.

மாற்றம் 1986 ஏப்பிரல் 26ஆந் திகதி செர்னோபிலில் நிகழ்ந்த விபத்தின் பின்னரே வந்தது. உலையின் அருகேயிருந்த பிரிப்பியத் நகர மக்கள் மறுநாள் பிற்பகலிலேயே வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ 1,100 கிலோமீற்றருக்கு அப்பால், சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஏப்பிரல் 28ஆந் திகதி கதிர்வீச்சு அளவு உயர்ந்தமை கண்டறியப்பட்ட பின்னரே உலகம் செய்தியை அறிந்தது. அதே ஆண்டு செப்ரெம்பரில் வியன்னாவில் இரு சாசனங்கள் நிறைவேற்றப்பட்டன. ஒன்று விபத்தை விரைந்து அறிவித்தல் பற்றியது. மற்றையது விபத்தின்போது நாடுகள் ஒன்றுக்கொன்று உதவுதல் பற்றியது. இந்தியா 1988இலும் இலங்கை 1991இலும் இவற்றில் இணைந்தன.

செர்னோபிலில் துப்புரவுப் பணிக்கு ஏறத்தாழ 6 இலட்சம் பேர் ஈடுபடுத்தப்பட்டனர். சுரங்கத் தொழிலாளர், படைவீரர், சாரதிகள் எனப் பலதிறப்பட்ட அவர்களுட் பெருந்தொகையானோர், தாம் எதனுள் இறங்குகின்றோம் என்பதை அறியாமலே இறங்கினர். விபத்தின் சுமையைத் தோளில் ஏற்றவர்கள் உழைக்கும் மக்கள்; விபத்து பற்றிய அறிவோ வேறிடத்தில் இருந்தது.

1987இல் பிரேசிலின் கோயானியா நகரில் நிகழ்ந்தது இதன் பிறிதொரு வடிவமாகும். கைவிடப்பட்ட மருத்துவ நிலையமொன்றில் இருந்த சீசியம்-137 கருவியைப் பழைய இரும்பு பொறுக்குவோர் எடுத்துச் சென்று விற்றனர். நால்வர் இறந்தனர், ஏறத்தாழ 1,12,000 பேர் பரிசோதிக்கப்பட்டனர். நோய்க்குக் காரணம் அப்பொருளே என முதலில் ஐயுற்று அதனைச் சுகாதார அலுவலகத்துக்குக் கொண்டு சென்றவர், பழைய இரும்புக் கடைக்காரரின் மனைவியே. எப்பயிற்சியும் பெறாத அப்பெண்மணியும் இறந்தோருள் ஒருவர். 2010இல் டில்லியின் மாயாபுரியிலும், பல்கலைக்கழகமொன்றிலிருந்து ஏலத்தில் விற்கப்பட்ட கருவியில் இருந்த கோபால்ற்-60 பழைய இரும்புக் கடைத் தொழிலாளி ஒருவரின் உயிரைக் குடித்தது. போரின் பின்னர் பழைய இரும்பு சேகரித்தல் பலரது சீவனோபாயமாகிய எமது வடபுலத்துக்கு இவ்வுதாரணங்கள் அந்நியமானவையல்ல.

2011 மார்ச்சில் ஃபுக்குஷிமா விபத்து நிகழ்ந்தது. அதனையடுத்து 2013இல் முகவரகத்தின் பயிற்சி நிலையமொன்று ஃபுக்குஷிமாவிலேயே அமைக்கப்பட்டது. வெவ்வேறு நாடுகளில் அவசரகால முகாமைத்துவப் பயிலகங்களும் நடத்தப்பட்டன. சுருங்கக் கூறின், பேரழிவு ஒவ்வொன்றும் ஒரு சாசனத்தையோ ஒரு பயிற்சி நிலையத்தையோ பெற்றுத் தந்துள்ளது. அவற்றின் பயிலுநர் யாவர் என நோக்கின், ஒழுங்குபடுத்தும் அதிகாரிகள், படையினர், மருத்துவ வல்லுநர் ஆகியோரே முதன்மை பெறுவதைக் காணலாம். இவர்கள் பயிலவேண்டியவர்களே. ஆயினும் பயிற்சி அவர்களோடு நின்றுவிடுவது தற்செயலானதன்று. அறிவு மேலே திரளுதலும் ஆபத்து கீழே படிதலும் வர்க்க சமுதாயத்தின் பொதுவியல்பாகும்.

பாக்குநீரிணையின் இரு மருங்கும்

கல்பாக்கத்தின் முதல் உலை 1983இலும் இரண்டாவது 1985இலும் இயங்கத் தொடங்கின. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலையின்போது கடல்நீர் அங்குள்ள நீரேற்று நிலையத்துட் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. ஆனால் ஊழியர் குடியிருப்பில் உயிரிழப்புகள் ஏற்பட்டன. அதே அலையே எமது வடமராட்சிக் கிழக்கையும் அழித்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

கூடங்குளம் 1988இல் ராஜீவ் காந்தியும் கொர்பச்சேவும் செய்த உடன்படிக்கையின் விளைவாகும். தலா 1,000 மெகாவாற் வலுவுள்ள இரு உலைகள் 2013இலும் 2016இலும் இயங்கத் தொடங்கின. மேலும் நான்கின் கட்டுமானம் 2017இலும் 2021இலும் தொடங்கியது. 2011 தொடக்கம் இடிந்தகரை மீனவ மக்கள் நடத்திய போராட்டத்தின் மையக் கோரிக்கை உலை வேண்டாம் என்பதே. எனினும் விபத்து நேரின் எமக்கு என்ன கூறப்படும், எவ்வழியாக வெளியேறுவோம் என்ற வினாக்களும் அதனுள் அடங்கியிருந்தன. 2012 யூனில் நக்கனேரி என்னும் சிற்றூரில் நடத்தப்பட்ட ஒத்திகை அவ்வினாக்களைத் தணிக்கவில்லை. 2013 மே 6ஆந் திகதி இந்திய உயர் நீதிமன்றம் நிலையத்தை இயக்க அனுமதித்தபோது 15 பணிப்புரைகளை விதித்தது. அரச அலுவலர், பொலிசார், தீயணைப்புப் படையினர், மருத்துவர் முதலியோருக்குப் பயிற்சிநெறிகள் நடத்துதல் அவற்றுள் அடங்கும். பயிற்சி என்பது நீதிமன்றம் வலியுறுத்தவேண்டிய நிலைக்கு வந்தமை, மக்கள் போராட்டத்தின் பேறு எனலாம்.

இலங்கையில் 1969ஆம் ஆண்டின் அணுசக்தி அதிகாரசபைச் சட்டத்துக்குப் பதிலாக 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. அது ஊக்குவிக்கும் பணியை ஒரு சபையிடமும் ஒழுங்குபடுத்தும் பணியை வேறொரு பேரவையிடமும் ஒப்படைத்தது. கரையோரத்தில் கதிர்வீச்சைத் தொடர்ந்து அளக்கும் கருவிகள் நிறுவப்பட்டன. 2015 பெப்ரவரி 16ஆந் திகதி புதுடில்லியில் இரு நாடுகளும் கைச்சாத்திட்ட அணுசக்தி ஒத்துழைப்பு உடன்படிக்கை, ஆளணியினரைப் பயிற்றுதலையும் அணு, கதிர்வீச்சு அனர்த்தங்களின் தாக்கத்தைக் குறைத்தலையும் தன்னுள் அடக்கியுள்ளது. இவ்வகையில், பாக்குநீரிணையைக் கடந்த பயிற்சிக்குச் சட்டபூர்வமான வாயில் திறந்தே உள்ளது.

300 கிலோமீற்றரின் பொருள்

கூடங்குளத்தைச் சூழ 16 கிலோமீற்றர் வட்டமே இந்திய அவசரகாலத் திட்டத்தின் எல்லை. வெளியேற்றத்தையும் உறைவிடத்தையும் கருதி வகுத்த எல்லை அது. 2013இல் சர்வதேச முகவரகம் வெளியிட்ட வழிகாட்டியோ, கூடங்குளத்தைப் போன்ற பேருலைகளுக்கு வேறோர் எல்லையையும் தருகின்றது. உணவு, பால், குடிநீர் என்பவற்றைக் கட்டுப்படுத்துவதற்கு முன்கூட்டியே திட்டமிடவேண்டிய தூரம் 300 கிலோமீற்றர் என அது வரையறுக்கின்றது. அவ்வாறாயின் கற்பிட்டியும் மன்னாரும் அவ்வட்டத்தினுள் அடங்குவன. கீரிமலை அதன் விளிம்பிலே நிற்பது.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 2011 மே மாதத்தில், ஃபுக்குஷிமாவிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கனகவா மாகாணத்தில், தேயிலைத் தளிர்களிலே அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேற்பட்ட சீசியம் காணப்பட்டது. இத்தொலைவில் மக்கள் ஓடித் தப்பவேண்டிய தேவை பெரும்பாலும் எழாது. எதை உண்பது, எதைக் குடிப்பது, எதைச் சந்தைக்கு அனுப்புவது என்பனவே பிரச்சினைகளாகும்.

இவ்வடிப்படையில் கீரிமலையை நோக்குவோமாயின், பயிற்சியின் உள்ளடக்கம் தானே புலப்படும். குடாநாட்டிற்கு வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணக்கற் பாறையினூடு இறங்கித் தேங்கும் நிலத்தடி நீரே கிணறுகளுக்கும் கீரிமலைக் கேணிக்கும் ஊற்று. கிணற்றை மூடுதல், மாட்டுக்குத் திறந்தவெளிப் புல்லைத் தவிர்த்துச் சேமித்த வைக்கோலைக் கொடுத்தல், கீரையும் இலைக்கறியும் சோதிக்கப்படும்வரை உண்ணாதிருத்தல், பிடித்த மீனை அளந்து பார்க்கும்வரை விற்காதிருத்தல் ஆகியவை எளிய செயல்கள். இவற்றைச் செய்பவர் கமக்காரரும் கடற்றொழிலாளரும் வீட்டுப் பெண்களுமேயன்றி அதிகாரிகள் அல்லர். காற்றைப் பற்றி அவர்களுக்குக் கற்பிக்கவேண்டியதும் அதிகமில்லை. சோளகம் எப்பொழுது எழும், வாடை எப்பொழுது திரும்பும் என்பது அவர்களது தொழில் அறிவு. கூடங்குளத்தின் திசையிலிருந்து இக்கரைக்கு வீசுவது சோளகமே. ஆடி அமாவாசைக்கு ஆயிரக்கணக்கானோர் கீரிமலையில் கூடுவதும் அச்சோளக காலத்திலேதான்.

மொழியும் நம்பிக்கையும்

இவ்வறிவு அவர்களை எம்மொழியில் சென்றடையும்? முகவரகத்தின் உத்தியோக மொழிகள் ஆறு: அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யம், ஸ்பானியம். தமிழும் சிங்களமும் அவற்றுள் இல்லை. போதாக்குறைக்குத் தமிழிலேயே இரு வழக்குகள் நிலவுகின்றன. தமிழ்நாட்டார் கதிரியக்கம் என்பதை எமது பாடநூல்கள் கதிர்த்தொழிற்பாடு என்கின்றன. ஒரே காற்று சுமந்துவரும் ஒரே ஆபத்துக்கு இரு கரையிலும் ஒரே மொழியில் இரு சொற்கள் இருக்கும்போது, அவசர வேளையில் ஓர் அறிவித்தல் எத்துணைக் குழப்பத்தை விளைவிக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இப்பிரச்சினைக்கு எமது வரலாற்றிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. வாந்திபேதி யாழ்ப்பாணத்தைத் திரும்பத் திரும்பத் தாக்கிய 19ஆம் நூற்றாண்டில், 1847இல் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்திலும் 1860களில் தமிழிலும் மருத்துவம் கற்பித்தார். முப்பதுக்கு மேற்பட்டோர் தமிழிலேயே பயின்று மருத்துவராயினர். உள்ளூர்த் தமிழறிஞரின் துணையுடன் மருத்துவ நூல்களும் கலைச்சொற்களும் ஆக்கப்பட்டன. அம்முயற்சியின் மதமாற்ற நோக்கையும் குடியேற்றவாதச் சூழலையும் நாம் மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் ஆங்கிலங் கற்றோர் அரச உத்தியோகம் நாடி ஊரைவிட்டு அகல்வர், தமிழிற் கற்றோர் ஊரிலேயே நின்று தொழில் செய்வர் என்னும் அவரது அனுபவ முடிபு இன்றும் பயனுடையது. பயிற்சியின் மொழி, பயின்றவர் எங்கு நிற்பார் என்பதைத் தீர்மானிக்கின்றது.

மொழி மட்டும் போதாது. சொல்பவர்மீது நம்பிக்கையும் வேண்டும். 1990இல் நகுலேஸ்வரம் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. கீரிமலையும் அயலூர்களும் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. மக்கள் பல்லாண்டுகள் முகாம்களில் வாழ்ந்தனர். வெளியேறு என்னும் கட்டளையின் பொருளை இவர்கள் தம் வாழ்விலேயே கற்றவர்கள். பின்னர் 2014–15இல், கீரிமலையிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்தபோது, ஒன்றுக்கொன்று முரணான அறிக்கைகள் வெளிவந்தன. 2019இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு விதிக்கும்வரை மக்கள் எதை நம்புவது என அறியாதிருந்தனர். கண்ணுக்குத் தெரியும் எண்ணெய்க்கே இந்நிலையெனின், கண்ணுக்குத் தெரியாத கதிர்வீச்சைப் பற்றிய அறிவித்தலை அவர்கள் எங்ஙனம் ஏற்பர்?

முடிவுரை

பயிற்சி பெறுதல் உலைகளை ஏற்றுக்கொள்வதாகிவிடும் என முற்போக்காளர் சிலர் கருதலாம். இவ்விடத்தில் ஒரு தன்விமரிசனம் அவசியமாகின்றது. முற்போக்கு எழுத்துகளில் நெடுங்காலம் அணுசக்தி இயற்கையை வெல்லும் மனித ஆற்றலின் சின்னமாகவே போற்றப்பட்டது. பின்னர் அது வெறும் அழிவின் சின்னமாயிற்று. இரு நிலைகளிலும் அது சின்னமாகவே இருந்தது. கடற்கரையில் வாழ்பவர் செய்யவேண்டியது யாது என்னும் நடைமுறை வினா இரண்டிலும் எழவில்லை. ஆபத்தை அறிந்த மக்களே அதனைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையையும் வலுவோடு கோருவர். இடிந்தகரையின் அனுபவமும் அதுவே.

எனவே 2015ஆம் ஆண்டின் உடன்படிக்கை திறந்த வாயிலினூடாக மூன்று கோரிக்கைகளை முன்வைத்தல் பொருத்தமாகும். முதலாவது, இரு கரைத் தமிழ் வழக்குகளையும் ஒருங்கிணைத்த அவசரகாலச் சொற்றொகுதி. எமது பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இதற்குப் பொறுப்பேற்கலாம். இரண்டாவது, கடற்றொழிலாளர் சங்கங்கள், கமக்காரர் அமைப்புகள், ஆசிரியர், குடும்ப நல உத்தியோகத்தர் ஆகியோரைப் பயிற்றுநராகவே உருவாக்குதல். மூன்றாவது, கரையோரக் கருவிகளின் அளவீடுகளை அவ்வப்போது ஊர்மக்களுக்குத் தமிழில் அறிவித்தல். இயல்பான நாளின் அளவை அறிந்தவரே இயல்பு கடந்த நாளை இனங்காண்பர். சோளகம் பற்றிக் கீரிமலைக் கடற்றொழிலாளி அறிந்ததும் கதிர்வீச்சு பற்றி வியன்னாவில் எழுதப்பட்டதும் ஓரிடத்திற் கூடும்பொழுதே, பயிற்சி என்னும் சொல் இக்கரையில் பொருள்பெறும்.