அலாய் வீலுக்கு வீட்டிலேயே பாலிஷ் போடப் போறீங்களா? முதல்ல இந்த டெஸ்ட்டை செய்யுங்க!

கார் அலாய் வீல் மங்கிப்போனதும் பலர் மெட்டல் பாலிஷ் வாங்கித் தேய்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். சிக்கலே இங்கேதான். கம்பெனியிலிருந்து வரும் பெரும்பாலான அலாய் வீல்களில் அலுமினியத்துக்கு மேல் பெயின்ட் அல்லது கிளியர் கோட் எனும் நிறமற்ற பூச்சு இருக்கும். அதில் மெட்டல் பாலிஷ் போட்டால் பூச்சுதான் மங்கும்.

கண்டுபிடிப்பது ஈஸி. வீலை நன்றாகக் கழுவி, கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் தொட்டுத் தேயுங்கள். துணி கறுத்தால் அது பூச்சில்லாத அலுமினியம். கறுக்கவில்லையா? பாலிஷை மூடி வைத்துவிடுங்கள். கார் ஷாம்பூவும் வாக்ஸும் போதும்.

பூச்சில்லாத வீலில் கீறல் இருந்தால் 800, 1500, 2000 கிரிட் வாட்டர் பேப்பரை இதே வரிசையில் தண்ணீர் தொட்டுத் தேய்த்த பிறகு பாலிஷ் போடலாம். காற்று பட்டு மறுபடி மங்கும் என்பதால் மேலே வாக்ஸ் அவசியம். சில மாதங்களில் திரும்பவும் போட வேண்டிவரும்.

பாத்ரூம் கழுவும் ஆசிட் பக்கமே போகாதீங்க, அலுமினியத்தை அரித்துவிடும். ஓடி வந்த சூட்டோடும் வேலையை ஆரம்பிக்கக் கூடாது. முக்கியமாக, பாலிஷும் வாக்ஸும் பிரேக் டிஸ்க்கில் படக் கூடாது. பட்டால் பிரேக் சரியாகப் பிடிக்காது. முடிந்தால் வீலைக் கழற்றி வைத்தே தேயுங்கள்.